மறுமொழி: மலேசியாவின் பினாங்கிலுள்ள பாலிக் பூலாவ் தோட்ட நிலத்தில் மின்சாரம் குறைவாகச் செலவாகும் வீடு

வணக்கம். தந்தையார் விட்டுச்சென்ற பழத்தோட்டத்தில் வீடு கட்டவிருப்பதாகவும், குளிர்சாதனச் செலவு குறையச் சுவர்களைத் தடிமனாக எழுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தைக் கூரைக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கில்தான் இருக்கிறது என்பதால், ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் பெரும்பாலும் கூரையின் மீதே விழுகிறது; ஓட்டுக்கு அடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் அலுமினியத் தாளைக் காற்றிடைவெளி விட்டுப் பொருத்தி, உட்கூரையின் மேல் ராக்வூல் என்னும் வெப்பத்தடுப்புப் பாறையிழைப் பஞ்சைப் பரப்பினால், அறைக்குள் இறங்கும் சூடு வெகுவாகக் குறையும்.

நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். அகன்ற இறவாரம் அங்கே வெயிலையும் மழைச்சாரலையும் ஒருசேரத் தடுக்கும். மேற்கிலிருந்து தாழ்ந்து வரும் மாலை வெயிலுக்கு இறவாரம் போதாது என்பதால், அந்தப் பக்கத்து ரம்புத்தான் மரங்களை தயவுசெய்து வெட்டாதீர்கள். டுரியான் மரம் மட்டும் கூரைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். விழும் பழம் கூரை ஓடுகளை உடைத்துவிடும்.

நிலப்பட்டாவில் பயன்பாட்டு வகை விவசாயம் என்றிருந்தால், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் 124ஆம் பிரிவின்கீழ் அதை மாற்ற வேண்டுமா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே வரைபடத்துக்கு முன்பணம் கொடுங்கள்.