ஹெட்போனா, ஸ்பீக்கரா? அதற்கு முன்னால் அந்த "கொய்ங்" சத்தம்

கேள்வி: நாங்கள் யாங்கோன் தாமுவேயில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். மகனுக்கு 17 வயது. கோயில் பஜனைக் குழுவில் பாடுகிறான். மற்ற நேரமெல்லாம் காதில் இயர்போன்தான். பஸ்ஸிலும் அதுதான், படுக்கையிலும் அதுதான். "ஹெட்போன் காதைக் கெடுத்துவிடும், நல்ல பெரிய ஸ்பீக்கராக வாங்கித் தருகிறேன்" என்கிறார் அவன் அப்பா. ஸ்பீக்கர் வைத்தால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்களோ என்று எனக்குப் பயம். கடையில் கேட்டால், "காதுக்குள்ளேயே போகாது, எலும்பு வழியாகக் கேட்கும், கெடுதலே கிடையாது" என்று வேறொரு ஹெட்போனைக் காட்டுகிறார்கள். இரண்டு வாரமாக ராத்திரியில் காதில் கொய்ங் என்று கேட்கிறது என்கிறான். எதை வாங்கினால் நல்லது?

பதில்: அம்மா, இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தக் "கொய்ங்" சத்தத்தைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். 17 வயதுப் பையனுக்கு இரண்டு வாரமாகக் காது இரைகிறது என்றால், எந்தப் பெட்டி நல்லது என்ற கேள்வி அப்புறம். காதைச் சோதித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற முனைகளுடன் சுமார் 15,000 செல்கள். சத்தத்தை வாங்கி மூளைக்குச் சொல்கிறவை அவைதான். ஒரு நாள் அதிகச் சத்தம் கேட்டால் அவை சோர்ந்து சாய்ந்துவிடும், ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் நாற்று நிமிர்கிற மாதிரி. நாள் தவறாமல் வெள்ளம் வந்தால் நாற்று அழுகிப்போகும். மனிதக் காதில் அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ராத்திரி அமைதியில் கேட்கிற இரைச்சல், பகலில் காது தாங்க முடியாமல் தாங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். காதுக்கு ஹெட்போன் என்றும் தெரியாது, ஸ்பீக்கர் என்றும் தெரியாது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், இந்த இரண்டும்தான் அதற்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்த கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடினாலே கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகிவிடும். அப்படிப் போனால் 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான், 100 டெசிபலில் 20 நிமிடம்தான். வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள், நாளைக்கு அல்ல. 17 வயது பிள்ளையா பெரியவனா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், 75-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில் கேட்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தூங்கிய பிறகும் 6 மணி நேரம் பாட்டு ஓடுகிறது என்றால், ஏழு ராத்திரியில் 42 மணி நேரம். விழித்துக் கேட்காத பாட்டிலேயே ஒரு வாரத்து ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. இன்றைக்கே நிறுத்த வேண்டியது இதைத்தான்.

அப்பா சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. ஹெட்போன் கெடுப்பதில்லை, அதைப் போட்டுக்கொள்ளும் இடம் கெடுக்கிறது. பஸ் எஞ்சின் உறுமுகிறது, ஹாரன் அலறுகிறது, கரண்ட் போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் பையன் சத்தத்தைக் கூட்டத்தான் செய்வான். வீட்டுக்குள் வந்த பிறகும் அதே அளவில் விட்டுவிடுவான். அதனால் அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ராத்திரி வீடு அடங்கியதும் பாட்டைப் போட்டு, வார்த்தை தெளிவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்தி, அந்த அளவைக் குறித்துக்கொள்ளட்டும். வெளியில் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால்தான் கேட்கும் என்கிற இடம், பாட்டு கேட்கிற இடமே அல்ல. ஆப்பிள் போன் என்றால் ஹெட்போன் சேஃப்டி என்ற பகுதியில் 75 முதல் 100 டெசிபலுக்குள் உச்சவரம்பு வைக்கலாம். 75-லேயே வையுங்கள். வேறு கம்பெனி இயர்போன் போட்டால் அந்தக் கணக்கு குத்துமதிப்புதான், ஆனாலும் இல்லாததற்கு மேல்.

இயர்போன் நுனியில் இருக்கும் ரப்பர் காதுக்குப் பொருந்தாவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம். பேஸ் குறைந்ததும் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். டப்பாவில் மூன்று அளவு ரப்பர் கொடுத்திருப்பார்கள், நம் பிள்ளைகள் மாட்டி வந்ததையே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகை, எஞ்சின் உறுமல் போன்ற சீரான சத்தத்துக்கு நிஜமாகவே உதவும். ஆனால் தெருவோரக் கடையில் பெரிய கம்பெனி பெயர் அடித்து விற்கிற நகல்களில் அந்த எழுத்து டப்பாவில் மட்டும்தான் இருக்கும்.

ஸ்பீக்கர் என்றால் கெடுதல் இல்லை என்பதும் தப்பு. புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா மேடைக்கு முன்னால் நின்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் காது பஞ்சு அடைத்த மாதிரி இருந்ததை நினைத்துப் பார்க்கட்டும். அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. இசை நிகழ்ச்சி நடத்தும் இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வைத்த உச்சவரம்பு 15 நிமிட சராசரியில் 100 டெசிபல். ஆளுயரப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை எந்த வரம்பும் காப்பாற்றாது. நன்றாகத் தள்ளி நிற்பதும், காதில் நுரை அடைப்பான் வைப்பதும்தான் காப்பாற்றும்.

ஆனால் வீட்டில் பாட்டு கேட்கவும், முக்கியமாகப் பாடிப் பழகவும், நான் ஸ்பீக்கர் பக்கம்தான். ஹெட்போனில் இடது காதுக்கு வருவது வலது காதுக்குத் தெரியாது. அதனால்தான் பாடகர் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கரில் இரண்டு பெட்டியின் சத்தமும் இரண்டு காதுக்கும் போகிறது. பாட்டு எதிரே ஒரு இடத்தில் நிற்கிறது. மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டினால் அது நெஞ்சில் வந்து விழுவது ஸ்பீக்கரில்தான். அந்த நெஞ்சு அதிர்வைத் தேடித்தான் பையன்கள் இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு கூட்டினாலும் அது அங்கே கிடைக்காது. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடினால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது, சுருதி நழுவும். ஒரு காதைத் திறந்துவிட்டுப் பாடினால் மூடிய காதில் சத்தம் கூடும். பஜனைப் பயிற்சிக்குச் சின்ன ஸ்பீக்கரில் சுருதி வைத்துப் பாடட்டும்.

சின்ன ஸ்பீக்கர் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கடைக்குப் போனால் டப்பாவில் 3000 வாட், 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும். அந்த பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒழுங்கான அளவுகோலே கிடையாது, அச்சடிக்கிறவர் இஷ்டம். ஆர்.எம்.எஸ்., அதாவது பெட்டி தொடர்ந்து நிஜமாகக் கொடுக்கிற சக்தி, எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தாலே, 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் போடும். மேலே சொன்ன கணக்கில் அதுவே உங்கள் மகனுக்கு அதிகம். ஆர்.எம்.எஸ். 10 வாட் இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

நம் நகரத்துப் பழைய கட்டடங்களில் வீடு என்பது 12½ அடி அகலம், 50 அடி நீளம். உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டியை மூலையில் வைக்காதீர்கள், மூலை பேஸை ஊதிவிடும், அதுதான் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். தரையிலும் வைக்காதீர்கள். மேசைமேல் தடித்த ரப்பரோ நாலாக மடித்த கம்பளியோ போட்டு, சுவரை விட்டு ஓரடி தள்ளி, இரண்டு பெட்டிக்கும் நடுவே நாலடி விட்டு வையுங்கள். அவனும் அதே நாலடி தூரத்தில் உட்காரட்டும். கிட்டத்தில் உட்கார்ந்தால் சத்தம் குறைவாகவே போதும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பேஸ் திருகைக் குறைத்துவிட்டால் கீழ்வீட்டாரோடு பேச்சுவார்த்தை கெடாது.

அந்த எலும்பு வழி ஹெட்போன். இதில்தான் எனக்குக் கோபம். காதுக்குள் போகாது என்பது பாதி உண்மை. காதுத் துவாரத்துக்குள் போகாது, சரி. கன்ன எலும்பு வழியாகப் போய்ச் சேருவது எங்கே? அதே நத்தைக்கூட்டுக்குத்தான், அதே செல்களுக்குத்தான். அதிகச் சத்தம் எந்த வாசல் வழியாக வந்தாலும் அடிபடுவது அந்த வீடுதான். துவாரம் திறந்தே இருப்பதால் பஸ் இரைச்சலும் உள்ளே வரும், பையன் இன்னும் கூட்டுவான். கெடுதலே இல்லை என்று சொல்லி விற்பது ஏமாற்று.

ஆனால் ஒரு சாராருக்கு அதுவே நல்ல சாமான். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது அதிகம். காதில் சீழ் வடிகிற பிள்ளைகள். செவிப்பறையில் ஓட்டை இருந்து, சளி பிடித்தால், குளித்தால், மழைக்காலம் வந்தால் காது ஒழுகும். அப்படிப்பட்ட காதுக்குள் ரப்பர் நுனியைத் திணித்தால் ஈரமும் சூடும் உள்ளேயே அடைபட்டுச் சீழ் கூடும், நாற்றம் வரும், ஓட்டை ஆறாது. அந்தக் காதுக்கு இயர்போன் கூடவே கூடாது. வெளியே கவிழ்கிற பெரிய ஹெட்போனும் ஒழுகுகிற நாளில் வேண்டாம். எலும்பு வழி ஹெட்போனைக் குறைந்த சத்தத்தில் போடலாம், ஸ்பீக்கர் இன்னும் நல்லது. அண்ணன் காதில் ஒழுகினால், அவன் போட்ட இயர்போனைத் தம்பி வாங்கிப் போடக் கூடாது. பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற பாட்டி வைத்தியமும் வேண்டாம், ஓட்டை வழியாக எண்ணெய் நடுக்காதுக்குப் போய்விடும். "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த ஓட்டையை அடைக்க அறுவை சிகிச்சை இருக்கிறது. உங்கள் மகனுக்கு எப்போதாவது காது ஒழுகியதுண்டா என்று எழுதவில்லை. ஒழுகியிருந்தால் இந்தப் பத்தி அவனுக்கானது. இல்லையென்றால் அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சோதனைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரி வாசலிலும் மருந்துக்கடையிலும் நின்று "காது மெஷின் குறைந்த விலையில் வாங்கித் தருகிறேன்" என்கிற தரகர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். மோல்மேனிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் காதைக் காட்ட வந்தார். சட்டைப்பையில் டப்பா, அதிலிருந்து காதுக்கு வயர். தரகர் வாங்கிக் கொடுத்ததாம், மூன்று மாதமாகப் போட்டிருக்கிறார், தலைவலிதான் மிச்சம். காதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கருத்து இறுகிய குறும்பி. ஊறவைத்து எடுத்ததும், சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறதே என்று திரும்பிப் பார்த்தார். அவருக்கு மெஷினே தேவையில்லை. அது காது மெஷினும் அல்ல, எல்லாச் சத்தத்தையும் வரம்பில்லாமல் ஊதிப் பெருக்குகிற வெறும் பெட்டி. நல்ல காதையும் அது கெடுக்கும்.

என்னிடம் வருகிற 17, 18 வயதுப் பிள்ளைகளில் அநேகமாக எல்லாருக்கும் அதுதான் வாழ்நாளின் முதல் காது சோதனை. கண்ணாடி மட்டும் இரண்டு முறை மாற்றியிருப்பார்கள். பிள்ளை படிப்பில் பின்தங்கினால் டியூஷன் வைக்கிறோம், கேட்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சோதனை செய்கிற இடத்திலும் அவசரம். சத்தத்தால் காது கெடுவது முதலில் 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்சமான சுருதிகளில்தான், பெரும்பாலும் 4000-ல் கேட்கும் திறன் குறைந்து சோதனைக் கோட்டில் குழி விழும். அந்த 3000-ஐயும் 6000-ஐயும் நேரம் இல்லை என்று தாண்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது சோதனைக்கு உட்காராதீர்கள், அந்த உறுமலில் தணிந்த சுருதிகள் கேட்காமல் போய், இல்லாத குறையைப் பேப்பரில் ஏற்றிவிடும். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கு மருந்து முதல் சில நாளில் கொடுத்தால்தான் பலன்.

சோதனைக்கு முந்தின நாள் மாலையிலிருந்து 16 மணி நேரமாவது காதில் எதையும் மாட்ட வேண்டாம், பஜனையும் வேண்டாம், இல்லாவிட்டால் களைத்த காதைத்தான் அளப்பார்கள். சோதனை முடிவைக் குறித்த ஆடியோகிராம் பேப்பரை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்குங்கள். அதில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. எல்லாக் குறியும் 20 என்ற கோட்டுக்கு மேலேயே நின்றால் சின்ன ஸ்பீக்கரை வாங்கிக் கொடுத்து, இயர்போனை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையுங்கள். 4000-ல் மட்டும் குறி கீழே இறங்கியிருந்தால் எதையும் வாங்காமல், அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.