நைட்ரைட் இறங்கும்வரை ஆக்சலாட்டலைக் கொண்டுவராதீர்கள்

கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா வளர, உயிர் எதுவும் விடாமல் அம்மோனியா மட்டும் ஊற்றி மூன்று வாரமாகத் தொட்டி ஓடுகிறது, அம்மோனியா ஒரே நாளில் பூஜ்ஜியமாகிறது, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் மட்டும் 5 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் 5 பங்கு) நிற்கிறது, சனிக்கிழமை இரண்டு ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை) குட்டிகளை எடுத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. விற்பவரிடம் இன்னும் சில வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நைட்ரைட் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடும். பாவம், குட்டிகள் தாங்காது.

தொட்டியில் கோளாறு எதுவும் இல்லை, பாதி வேலை முடிந்திருக்கிறது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். தண்ணீரைச் சோதிக்கும் பல கிட்டுகளின் நிற அட்டையில் 5 என்பதுதான் கடைசி நிறம், உண்மை அளவு அதற்கும் மேலே இருக்கலாம். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். அம்மோனியாவை 1 பிபிஎம் அளவுக்குக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுங்கள். பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மை அளவு) 6.5-க்குக் கீழே போனாலும் இந்த வேலை முடங்கும், அதையும் அளந்து பாருங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று: இப்போது 26 டிகிரியில் ஓட்டுவது சரிதான், ஆனால் ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடும். அதனால் தண்ணீரைக் குளிர்வித்தபின் 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாகிறதா என்று இரண்டு மூன்று முறை சோதியுங்கள். அப்புறம் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே வந்ததும் குட்டிகளைக் கூட்டி வாருங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டதால் எடுத்தே ஆக வேண்டுமென்றால், தொட்டியில் விடாமல் ஆளுக்கொரு டப்பாவில், தினமும் குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரை முழுசாக மாற்றி வையுங்கள்.