மாப் கணக்கு உதைக்கும்போது நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஆபரேஷன் தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவளாக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வயிற்று அறுவையில், மூடுவதற்கு முன் எண்ணியபோது ஒரு மாப் (வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் துணி) குறைந்தது. தயங்கிச் சொன்னேன். "கூடையில் கிடக்கும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மூத்த சர்ஜன் தையலைத் தொடங்கிவிட்டார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மாப் துணிக்கூடையில்தான் இருந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. நான் கோழையா?

பதில்: இல்லை. கோழை எண்ணியிருக்கவே மாட்டார். எண்ணியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் ஒரு முறை சொன்னீர்கள். இரண்டாவது முறை சொல்லவில்லை, அவ்வளவுதான். சரியானது எது என்று தெரிந்தும் சூழ்நிலை அதைச் செய்யவிடாதபோது வரும் இந்த வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் செவிலியர் பணியை வைத்தே விளக்கி எழுதினார். உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது.

அன்று நீங்கள் சொன்ன வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். "சார், ஒரு மாப் மட்டும்..." என்று இழுத்திருப்பீர்கள். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் இழுத்தேன். மரியாதை என்று நாம் நினைப்பது எதிரே இருப்பவர் காதில் வெறும் தகவலாக விழுகிறது. 2005-இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்ததும் ஒரு பெண்ணின் மூச்சுப்பாதை அடைபட்டுப்போனது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவித்தட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். குழாயைச் செலுத்தப் போராடிக்கொண்டிருந்த மருத்துவர்கள் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். அந்த நர்ஸுக்கு அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. எல்லோரும் கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படியான ஒரு வாக்கியம்தான் அவரிடம் இல்லை.

அந்த வாக்கியத்தை நெருக்கடியில் தேடக் கூடாது, முன்பே மனப்பாடமாக இருக்க வேண்டும். "டாக்டர், மாப் 20 கொடுத்தோம், 19 வந்திருக்கிறது. கணக்கு சரியில்லை. மூடுவதை நிறுத்துங்கள், உள்ளே பார்க்க வேண்டும்." எண், ஆபத்து, கோரிக்கை மூன்றும் இதில் இருக்கின்றன. குரலை உயர்த்த வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தட்டிக்கழித்தால் அதே வாக்கியத்தை அப்படியே இன்னொரு முறை சொல்லுங்கள். விமானத்துறையிலிருந்து வந்த பழக்கம் இது: பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கையை ஒருவர் கண்டுகொள்ளாவிட்டால் குறைந்தது இரண்டு முறை சொல்ல வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் மயக்க மருந்து மருத்துவரைப் பார்த்துச் சொல்லுங்கள். "டாக்டர், கணக்கு முடியவில்லை, நோயாளியை இப்போது எழுப்ப வேண்டாம்." அறுவையில் கை வைக்காமல் தியேட்டருக்குள் சுற்றி நின்று உதவும் நர்ஸ் அதே நேரத்தில் பொறுப்பாளரை அழைக்கட்டும். மாப்பில் எக்ஸ்-ரேயில் தெரியும் இழை ஓடுவது இதற்காகத்தான். தேடியும் கிடைக்காவிட்டால் தியேட்டரை விட்டு நகரும் முன் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோயாளியின் நிலை மோசமாகி உடனே மூடியாக வேண்டிய கட்டாயம் சில நேரம் சர்ஜனுக்கு உண்மையாகவே இருக்கும். அப்போது தடுக்காதீர்கள். ஆனால் எண்ணிக்கை குறைந்ததையும் நீங்கள் சொன்னதையும் நேரத்தோடு எழுதிவிடுங்கள். "சரி" என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2008 அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் எண்ணிக்கை முடிந்ததை நர்ஸ் வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றே இருக்கிறது. அதனால் நீங்கள் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அதே பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்றும் உண்டு. அதை முணுமுணுக்காமல் கேட்கும்படி சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை திறந்த வாய் நடுவில் திறக்கச் சிரமப்படாது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த சர்ஜன். அடுத்த அறுவைக்கு முன், கை கழுவும் இடத்தில் தனியாக இருக்கும்போது, "கணக்கு முடியும்வரை இனி நிறுத்தச் சொல்லிக் கேட்பேன், டாக்டர்" என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்ட மறுப்பவர் இருந்தால், அந்த விஷயம் அன்றே உங்கள் பொறுப்பாளருக்கு எழுத்தில் போக வேண்டும்.