மரத்துப்போகாத ஊசியும் ஒன்பது வருஷத் தயக்கமும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 38. ஒன்பது வருஷம் முன்பு கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகவில்லை. "வலிக்குது" என்றேன். "அதெல்லாம் வலிக்காது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு வேறு படபடவென்று அடித்துக்கொண்டது. அதோடு பல் டாக்டர் பக்கமே தலைவைக்கவில்லை. இப்போது வலப்பக்கக் கீழ்ப் பல்லில் சொத்தை. ஜில்லென்று குடித்தால் சுருக்கென்கிறது, ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது. இரண்டு முறை அப்பாயின்ட்மென்ட் வாங்கி, இரண்டையும் ரத்து செய்துவிட்டேன். மயக்க மருந்து கொடுத்து மொத்தமாக முடித்துவிட முடியாதா?

பதில்: "ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. பல்லின் நரம்பு பெரும்பாலும் இன்னும் தேறக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. சொத்தையை எடுத்துவிட்டு அடைத்தாலே போதும் என்ற வாய்ப்பு அதிகம். அதே வலி அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று நின்றாலோ, சூடாகக் குடித்தால் வந்தாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ கதை வேறு. பிறகு ரூட் கெனால் வரை போக வேண்டிவரும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ, அதாவது ஊசி போட்டும் மரத்துப்போகாமல் இருப்பது, அதுவும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் நடக்கும்.

காரணம் இதுதான். பல்லுக்குப் போடும் லிக்னோகேய்ன் என்ற மரப்பு மருந்து நரம்புக்குள் நுழைய வேண்டுமானால் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அழற்சியும் சீழும் உள்ள இடத்தில் அமிலம் கூடிவிடுவதால் அந்த வடிவம் குறைந்துபோகிறது. போட்ட மருந்தில் கொஞ்சம்தான் உள்ளே போகும். வீங்கிய நரம்போ சின்னத் தூண்டலுக்கே துடிக்கும்.

கீழ்க் கடைவாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேல் தாடை எலும்பு மெல்லியது. பல்லின் வேருக்குப் பக்கத்தில் ஈறில் மருந்தை விட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஊறிப்போய் மரத்துவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி கெட்டி. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தைத் தேடி, வாயின் பின்கோடியில் ஊசி போடுகிறார்கள். அந்த இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். மருந்து வேலை செய்யவும் ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆகலாம். அதற்குள் கை வைத்தால் வலிக்கத்தான் செய்யும். ஆக, உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. அன்று கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், இல்லை மறுபடி ஊசி போட்டிருக்க வேண்டும்.

இந்த முறை நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒரு சின்னப் பரிசோதனை. உதடு மரத்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உதடு கட்டைபோல் ஆன பிறகும் பல் விழித்திருக்கலாம். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து, சொத்தைப் பல்லின் மேல் வைக்கச் சொல்லுங்கள். ஊசிக்கு முன் வைத்தபோது சுருக்கென்ற அதே பல்லில், ஊசிக்குப் பின் ஒன்றும் தெரியாவிட்டால் ஆரம்பிக்கலாம். தெரிந்தால் வேறு வழிகள் உண்டு: மறுபடி அதே ஊசி, பல்லின் வெளிப்பக்கம் ஆர்டிகேய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்து, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் சில துளிகள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நன்றாக மரத்த பிறகும் அழுத்தம், அதிர்வு, ஏரோட்டரின் (பல்லைக் குடையும் கருவி) கீச்சொலி எல்லாம் தெரியும். கூர்மையாகக் குத்தும் வலி மட்டும்தான் தெரியக்கூடாது.

நெஞ்சு படபடப்பு? மருந்தோடு அட்ரினலின் சேர்ப்பார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் பிடித்துவைக்க அது தேவை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும். சில நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். பயத்தில் இருப்பவருக்கு இது "எனக்கு ஏதோ ஆகிறது" என்று தோன்றி, பயம் இரட்டிப்பாகும். இதை அலர்ஜி என்று நினைத்து ஃபாரத்தில் எழுதிவிடாதீர்கள், லிக்னோகேய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஊசியைக் குத்திய பிறகு அதன் தண்டைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்த்து, உள்ளே ரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் மெதுவாகச் செலுத்தினால் படபடப்பும் குறையும், வலியும் குறையும். ஊசி வலிப்பதற்கு முனையைவிட வேகம்தான் பெரிய காரணம். குத்தும் இடத்தில் முன்கூட்டி மரப்பு ஜெல் தடவச் சொல்லலாம். ஈறைத் துடைத்துவிட்டுத் தடவி, ஒன்றிரண்டு நிமிஷம் விட வேண்டும். தடவியதும் குத்தினால் அது வெறும் சடங்கு.

இனி அந்த "வலிக்காது". ஒன்பது வருஷம் உங்களைத் தள்ளிவைத்தது வலியைவிட அந்த ஒரு சொல் என்றுதான் நினைக்கிறேன். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தச் சைகை பேசிவையுங்கள். டாக்டர் பெரும்பாலும் உங்கள் வலப்பக்கம் உட்காருவார், ஆகவே இடக்கையைத் தூக்குவது. தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும், காரணம் பிறகு. முதல் தடவை வலிக்காமலே ஒரு முறை தூக்கிப் பாருங்கள். நிறுத்துகிறாரா? நிறுத்தினால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நிறுத்தாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஹிந்தியில் "அபி சுன்ன நஹி ஹுவா" (இன்னும் மரக்கவில்லை), மராத்தியில் "துக்தய்" (வலிக்கிறது) என்று இரண்டு வாக்கியம் தெரிந்திருப்பது நல்லது. வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் வந்த பிறகு எந்த மொழியும் உதவாது, கைதான் பேச வேண்டும்.

மூன்றாவது முறையும் ரத்து ஆகாமலிருக்க, முதல் அப்பாயின்ட்மென்டைச் சிகிச்சைக்கு வாங்காதீர்கள். ஃபோனிலேயே, "பயம் அதிகம், முதல் நாள் பார்ப்பது மட்டும், ஊசி கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். நாற்காலியில் சாய்வது, கண்ணாடியால் பார்ப்பது, ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான், 20 நிமிஷம். அடுத்த வாரம் கொஞ்சம் கிளீனிங். அதற்கடுத்த வாரம் அடைப்பு. இதை மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம், சொத்தை உங்களுக்காகக் காத்திருக்காது. நேரம் காலை முதல் ஆளாக. நாள் முழுக்க நினைத்து நினைத்து, சாயங்கால ரயில் நெரிசலில் நசுங்கி வந்து உட்காருவதற்கு இது எவ்வளவோ மேல். வெறும் வயிற்றில் போகக்கூடாது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் டிகாஷன் காபியை அன்று தள்ளிவையுங்கள், படபடப்பை அதுவும் கூட்டும்.

நாற்காலியில் மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். வெளியே காத்திருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் கண் இருட்டி மயங்கி விழுபவர்களுக்கு மட்டும் இது போதாது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. அவர்கள் கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடித்து, அரை நிமிஷம் தளர்த்தி, ஐந்து முறை செய்ய வேண்டும். ஊசி போடும் கையை மட்டும் இறுக்கக்கூடாது என்பது ரத்தம் எடுக்கும் இடத்து விதி; பல்லுக்கு அந்தக் கவலை இல்லை.

மயக்க மருந்து கேட்டிருந்தீர்கள். ஒரு அடைப்புக்காக முழு மயக்கம் கொடுப்பது கொசுவுக்குப் பீரங்கி. நடுவில் சிரிப்பு வாயு இருக்கிறது. 1844-ல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தன் பல்லையே அதன் உதவியில் பிடுங்கச் சொல்லிப் பார்த்தார். இன்று மூக்கு மாஸ்க் வழியே ஆக்சிஜனோடு கலந்து தருகிறார்கள். நினைவு தப்பாது, உடம்பு லேசாகும், முடிந்ததும் சில நிமிஷம் வெறும் ஆக்சிஜன் கொடுத்துக் கலைத்துவிடுவார்கள். சளி பிடித்து மூக்கடைப்பு இருந்தால் பயனில்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தவிர்ப்பார்கள். பி12 குறைபாடு இருந்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சுத்த சைவக் குடும்பங்களில் இது சகஜம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் கூட ஒரு ஆள் வர வேண்டும், அன்று ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது.

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் நேரே போனால் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையம்) அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி. செலவு குறைவு, எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில். ஆனால் கூட்டமும் காத்திருப்பும் உண்டு, மாணவர்கள் செய்வதால் நேரமும் ஆகும். பயந்தவரின் முதல் நாளுக்கு அமைதியான சின்ன கிளினிக்கே நல்லது என்பது என் கருத்து.

கன்னமோ தாடைக்கு அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால் இந்த நிதானம் எதுவும் பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடைத்து முடித்த பிறகு உதடு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் மரத்தேயிருக்கும். அதுவரை சூடான டீயும் வடாபாவும் வேண்டாம். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் மரப்பு போன பிறகுதான் தெரியும்.