திகில் பட மேடை: வாசகர் கேள்வி–பதில்

'ரெக்' என்ற ஸ்பானிஷ் படம் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, பின்னணி இசை இல்லை. ஆனாலும் அன்றிரவு விளக்கை அணைக்க மனம் வரவில்லை. எப்படிச் சாதித்தார்கள்?
– வாசகர், தேனி

ஜௌமே பலகேரோ, பாக்கோ பிளாசா இருவரும் சேர்ந்து இயக்கி 2007-ல் வந்த படம். செலவு 20 லட்சம் யூரோ அளவில்தான். ஓட்டமும் 80 நிமிடத்துக்குள். தீயணைப்பு வீரர்களின் இரவுப் பணியைப் படமெடுக்க வந்த டிவி நிருபர் ஆஞ்ஜெலாவும் கேமராமேன் பாப்லோவும் அவர்களோடு பார்சிலோனாவில் ஒரு பழைய அடுக்குமாடிக்குப் போகிறார்கள். உள்ளே போனதும் அதிகாரிகள் கட்டடத்தை வெளியிலிருந்து பூட்டி சீல் வைத்துவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான்; நாம் பார்ப்பது முழுக்க பாப்லோவின் கேமராவில் பதிவாவதை மட்டும்தான்.

எங்கெல்லாம் கையில் காசு இல்லையோ, அங்கெல்லாம் கதையே ஒரு காரணம் சொல்லிவிடுகிறது. ஏன் ஒரே கேமரா? வந்திருப்பது டிவி குழு. ஏன் ஒரே விளக்கு? அது கேமராவின் தலையில் இருப்பது. செய்திப் பதிவில் இசை ஏது? அந்த மாடிப்படியைக் கவனியுங்கள். ஆரம்பத்திலேயே நம்மை ஏற்றி இறக்கி, கூடம் எங்கே, வீடுகள் எங்கே, வாசல் எங்கே என்று பழக்கிவிடுகிறார்கள். பிறகு எல்லோரும் ஓடும்போது, எந்தப் பக்கம் வழி இல்லை என்பது அவர்களுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நடிப்பிலும் இதே கணக்குதான். ஆஞ்ஜெலாவாக வரும் மனுவேலா வெலாஸ்கோ நிஜத்திலும் டிவி தொகுப்பாளர். மைக் பிடிக்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் படத்துக்காக ஸ்பெயினின் திரைப்பட விருதான கோயாவை, சிறந்த புதுமுக நடிகைக்காகப் பெற்றார். கேமராமேன் பாப்லோவாக வருபவர் படத்தின் ஒளிப்பதிவாளர் பாப்லோ ரோஸோவேதான். படிக்கட்டின் நடுவே தீயணைப்பு வீரர் மேலிருந்து வந்து விழுகிறாரே, அப்படி ஒருவர் விழப்போகிறார் என்று கீழே நின்ற நடிகர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த அலறல் அதனால்தான் அப்படி இருக்கிறது.

மொபைலில் இதே பாணியில் 10 நிமிடக் குறும்படம் எடுத்தோம். பார்த்தவர்கள் தலை சுற்றுகிறது என்கிறார்கள்.
– வாசகர், கரூர்

மொபைல் எடை குறைவு; கை நடுக்கம் அப்படியே படத்தில் ஏறிவிடும். மொபைலைச் சுற்றிப் பிடிக்கும் 'கேஜ்' என்ற சட்டகக் கூண்டில் மாட்டி, மொத்த எடையை 1 முதல் 1.5 கிலோ வரை ஏற்றுங்கள். அசைவு உடனே நிதானப்படும். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று பூட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் மினுக்கலும் வராது. பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கேமராவைப் பிடித்திருப்பவர் எதையும் பார்க்காமல் சும்மா ஆட்டுவது. ஓடும்போது ஆடட்டும். ஓட்டம் நின்றதும் பார்க்க வேண்டிய பொருள் மேல் 3 விநாடியாவது கேமரா நிலைக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்தால் தலைசுற்றல் பாதியாகக் குறையும்.

கடைசிக் காட்சியின் பச்சை இருட்டு எப்படி எடுப்பது? விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.) பரணின் திறப்பு வழியாக பாப்லோ கேமராவை மட்டும் மேலே தூக்கி மெதுவாக ஒரு முழு வட்டம் திருப்புகிறார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று போய், வட்டம் முடியும் தறுவாயில் ஒரு சிறுவன் பாய்ந்து அடிக்க, விளக்கு உடைகிறது. அதன் பிறகு இரவுப் பார்வை மட்டும்தான். கேமரா வழியாக நாம் பார்க்கிறோம், ஆஞ்ஜெலாவால் எதையும் பார்க்க முடியாது. மெலிந்து நீண்ட அந்த உருவம் ஹவியர் போட்டெட் என்ற நடிகர். மார்ஃபான் என்ற மரபுக் குறைபாட்டால் அமைந்த உடல்வாகு அது, கிராஃபிக்ஸ் அல்ல.

சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். இரவுப் பார்வை கேமராவில் அது விலகி, அகச்சிவப்பு எல்இடி எரியும். மொபைலில் வடிகட்டியை விலக்க முடியாது. எனவே இரண்டு வழிகள்.

ஒன்று, இரவுப் பார்வை உள்ள சிசிடிவி கேமரா. 850 நானோமீட்டர் அலைநீள எல்இடி வாங்கினால் வெளிச்சம் தூரம் போகும், ஆனால் எல்இடி மங்கலாகச் சிவந்து தெரியும். 940 கண்ணுக்கே தெரியாது, தூரம் குறையும். நடிகர் உண்மையாகவே இருட்டில் நிற்பதால் அவர் கண்மணி அகல விரியும், பார்வை எதிலும் ஒட்டாது. அந்தக் குருட்டுப் பார்வையை நடித்துக் கொண்டுவருவது கடினம். தரையில் இருக்கும் பொருளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, கையில் டார்ச்சோடு ஒருவரை ஓரத்தில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, லென்ஸை ஒட்டி ஒரு சின்ன எல்இடி. மேலே இரண்டு மடிப்பு டிஷ்யூ. எடிட்டிங்கில் நிறத்தை எடுத்துவிட்டு லேசாகப் பச்சை ஏற்றுங்கள். 1 மீட்டரில் விழும் வெளிச்சம் 2 மீட்டரில் கால் பங்கு, 4 மீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். அதனால் முகம் தெரியும், பின்சுவர் தானாகவே காணாமல் போகும். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும், 1.5 மீட்டரில் பூட்டுங்கள். கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும் பூட்டாவிட்டால் கேமராவே இருட்டை வெளுக்க வைத்து, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிரப்பிவிடும்.

இதன் அமெரிக்க மறுபதிப்பைப் பார்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

2008-லேயே 'குவாரன்டைன்' என்று வந்தது; பல இடங்களில் காட்சிக்குக் காட்சி அப்படியே. முதலில் மூலத்தைப் பாருங்கள், ஸ்பானிஷ் ஒலியோடு, சப்டைட்டிலில். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் அந்தக் குழப்பம் டப்பிங்கில் சலவை செய்தது போலாகிவிடும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டு, அறையையும் இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.