மஸ்கிக்கு ரப்பர் மீன்: வாங்குமுன் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

கவார்த்தா ஏரிகளில் ஜூன் முதல் சனிக்கிழமை மஸ்கி பிடிக்கும் பருவம் திறக்கிறது. டிசம்பர் 15 வரை ஓடும். நம் கடலுக்குச் சீலா எப்படியோ, ஒன்ராறியோ ஏரிகளுக்கு மஸ்கி அப்படி: நீண்ட உடல், வாய் நிறையப் பல், அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும் சுபாவம். அதற்காக லூராக, அதாவது தூண்டிலில் மாட்டும் போலி இரையாக, விற்கப்படும் பெரிய ரப்பர் மீன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: 12 அங்குல ரப்பர் மீன் கடையில் 38 டொலர். அதே உருவம், அதே நிறம், இணையத்தில் 11 டொலர். பெயருக்காகவா இவ்வளவு கூடக் கொடுக்கிறோம்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: கொஞ்சம் பெயருக்குத்தான். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத கம்பிக்கு.

புல் டோக், மெடுசா போன்ற ரப்பர் மீன்களின் உடலுக்குள் ஒரு கம்பிக்கூடு ஓடுகிறது. மூக்கில் லீடர் (நூலின் நுனியில் கட்டும், பல்லுக்கு எளிதில் அறாத தடித்த துண்டு) மாட்டும் வளையமும் வயிற்றில் மூமுனை முள் தொங்கும் வளையங்களும் அந்தக் கம்பியோடு பிணைந்தவை. மீன் ரப்பரைக் கிழித்துப் போட்டாலும் முள்ளுக்கும் உங்கள் கைக்கும் இடையில் இரும்பு இருக்கும். மலிவுச் சரக்கு பலவற்றில் வயிற்று வளையம் வெறும் திருகாணி. ரப்பருக்குள் ஓரங்குலம் இறங்கி நிற்கும், அவ்வளவுதான். 20 இறாத்தல் மீன் தலையை ஒரு உதறு உதறினால் முள் அதன் வாயோடு போகும், ரப்பர் உங்களிடம் திரும்பி வரும். காசு போனது ஒரு பக்கம். மீன் முள்ளோடு அலைகிறதே, அதுதான் கொடுமை.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. தலையை இடது கையில் பிடித்து, வயிற்று வளையத்தை வலது கை விரல்களால் வால் பக்கமாக மெல்ல இழுங்கள். உள்ளே கம்பி இருந்தால் தலையும் சேர்ந்து இழுபடுவது கையில் தெரியும். ரப்பர் மட்டும் நீண்டு, வளையம் பல்லாட்டம் போல ஆடினால் திருப்பி வைத்துவிடுங்கள். இணையத்தில் இழுத்துப் பார்க்க வழியில்லை. கம்பிக்கூடு பற்றி விற்பவர் ஒரு வரிகூட எழுதவில்லையென்றால் இல்லையென்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முள். மெல்லிய முள்ளைக் குறட்டால் சற்று அழுத்தினாலே வாய் விரியும். அதை மாற்ற நல்ல மூமுனை முள் இரண்டும் இரட்டைச் சுற்று வளையம் இரண்டும் வாங்கிப் பாருங்கள், 11 டொலர் 11 டொலராக நிற்காது. கடைசியாக வால். பெட்டிக்குள் மடிந்து கிடந்த வால் நீரில் சுழலாது, உடலை ஒரு பக்கமாக உருட்டும். இது மட்டும் திருத்தக்கூடிய குறை: கொதிக்காத, கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் வாலை அரை நிமிடம் முக்கி, நேராகத் தொங்கவிட்டு, குளிர்நீரில் நனைத்தால் நிமிர்ந்துவிடும். வால் மடிப்புக்காக 38 டொலர் சரக்கை வேண்டாமென்று விட்டுவராதீர்கள்.

கேள்வி: பாஸ் மீன் பிடிக்கும் 7 அடி தூண்டில் ரொட்டும், 30 இறாத்தல் பின்னல் நூல் சுற்றிய ரீலும் இருக்கின்றன. இவற்றோடு தொடங்கலாமா? (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: முடியாது. ரொட்டின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அது தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். பாஸ் ரொட்டில் பெரும்பாலும் ஓர் அவுன்ஸ் அளவில் நின்றுவிடும். 12 அங்குல ரப்பர் மீன் அரை இறாத்தலை நெருங்கும். 'பவுண்டர்' என்ற பெயரில் வருவது பெயருக்கேற்ப ஒரு இறாத்தல்.

ரொட் முறிவதற்கு முன்பே வேறொன்று நடக்கும். வீசும்போது ரீலில் நூல் சிக்கினால், பறக்கிற அரை இறாத்தல் பாரம் நடுவானில் சடாரென நிற்கும். 30 இறாத்தல் நூல் அந்த உதைக்குத் தாங்காது. 'டப்' என்று ஒரு சத்தம், புதிய ரப்பர் மீன் தன்பாட்டில் ஏரிக்குள் போய்விடும். இன்னொரு காரணம் மீனுக்கானது: மெல்லிய கருவியில் நெடுநேரம் இழுபட்ட மஸ்கி விட்ட பிறகும் செத்துப்போகலாம்.

வேண்டியவை: எட்டரை முதல் ஒன்பதரை அடி வரை நீளமான எக்ஸ்ட்ரா ஹெவி ரொட், 300 அல்லது 400 அளவு பெயிட்காஸ்ட் ரீல், 80 இறாத்தல் பின்னல் நூல், 130 இறாத்தல் புளோரோகாபன் லீடர் மூன்றடி. லீடர் குட்டையாக இருந்தால் ரப்பர் மீன் தாழும்போது வாலோ முள்ளோ பின்னல் நூலில் மாட்டிக்கொள்ளும். பின்னல் நூலை வெறும் ரீலில் நேரே சுற்றினால் அது மொத்தமாக வழுக்கிச் சுழலும், டிராக் (நூல் எவ்வளவு இறுக்கத்தில் நழுவ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) பழுதென்று ரீலைக் கடைக்குத் தூக்கிப் போவீர்கள். முதலில் பத்துப் பதினைந்து சுற்றுத் தங்கூசி, அதன்மேல் பின்னல்.

பாவித்த ரொட் வாங்குவதில் தப்பில்லை. ஒரு துண்டு பஞ்சு கொண்டு போங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றித் தேய்த்தால், வெடித்த இடத்தில் இழை மாட்டும். அந்த வெடிப்பு ஒரே நாளில் நூலை அறுத்துவிடும்.

கேள்வி: நாள் முழுக்க வீசி நேராகச் சுற்றி எடுக்கிறேன். மீன் பின்னால் வருகிறது, கடிக்கவில்லை. லூரை மாற்ற வேண்டுமா? (மார்க்கம் வாசகர்)

பதில்: கையை மாற்றுங்கள், லூர் இருக்கட்டும். நேராகச் சுற்றினாலும் வால் ஆடும், சில நாட்களில் அதுவே போதும். ஆனால் இந்த ரப்பர் மீனின் உயிரே இழுப்பிலும் தாழ்விலும்தான் இருக்கிறது.

முதலில் அது எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது என்று தெரிய வேண்டும். 10 அடி ஆழமுள்ள துறைமேடையில் நேராக இறக்கி, நூல் தளரும் வரை எண்ணுங்கள். பத்து எண்ணினால் வினாடிக்கு ஓரடி. இப்போது 12 அடி ஆழத்தில், தரையிலிருந்து நான்கடி உயரப் பாசி வளர்ந்த இடத்தில் வீசுகிறீர்கள் என்றால், ஆறு எண்ணியதும் இழுக்கத் தொடங்கலாம். பாசியின் தலைக்கு இரண்டடி மேலே ஓடும். எண்ணாமல் வீசுகிறவர்கள் பாதி நாள் பாசி பிடுங்குவார்கள், மீதி நாள் மீனின் தலைக்கு வெகு மேலே ஓட்டுவார்கள்.

ரொட் நுனியை நீருக்கு அருகே தாழ்த்தி லூரை நோக்கிப் பிடியுங்கள். அங்கிருந்து பக்கவாட்டில் இரண்டு மூன்றடி இழுங்கள். பிறகு நுனியை மறுபடி லூர்ப்பக்கம் கொண்டுபோய்க்கொண்டே தளர்ந்த நூலைச் சுற்றுங்கள். கஷ்டம் இந்த இடத்தில்தான்: நூல் விறைப்பாக இருந்தால் ரப்பர் மீன் தாழாமல் தொங்கும், தொளதொளவென்று விட்டால் கடித்தது தெரியாது. நூல் லேசாக வளைந்து நிற்கும் பதம் வேண்டும். மஸ்கி அதிகம் கவ்வுவது அந்தத் தாழ்வில். சில நேரம் 'டிக்' என்று ஒரு தட்டு. சில நேரம் எதுவும் தட்டாது, லூரின் பாரம் மட்டும் காணாமல் போகும். அதுவும் கடிதான்.

கடித்தால் ரொட்டை மேலே தூக்காதீர்கள். நூலைச் சுற்றி இறுக்கிப் பக்கவாட்டில் பலமாக வீசி இழுங்கள். மஸ்கி தாடையை ரப்பரில் இறுக்கிக் கொண்டிருக்கும். முழு லூரும் அதன் பல்லுக்கிடையே நகர்ந்தால்தான் முள் ஏறும். டிராக் தளர்வாக இருந்தால் அந்தப் பலம் எல்லாம் ரீலோடு தீர்ந்துவிடும். கையால் நூலைப் பலமாக இழுக்கும்போது மட்டும் நகரும் அளவுக்கு இறுக்கி வையுங்கள்.

பின்னால் வந்து நிற்கும் மீனுக்கு எட்டு வரைய வேண்டும். லீடர் முடிச்சு ரொட் நுனியைத் தொடுமுன் சுற்றுவதை நிறுத்தி, நுனியை நீருக்குள் செலுத்தி, படகோரமாக எட்டுப் போல ஓட்டுங்கள். வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. நீண்ட மீன் குறுகிய வளைவில் திரும்ப முடியாமல் லூரைத் தவறவிடும். வளைவில் நிற்காமல், வெளியே வரும்போது சற்று வேகம் கூட்டுங்கள். மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் செய்யுங்கள். ஆழத்தில் பின்தொடர்வது கண்ணுக்குப் படாது.

கோடையில் இழுப்பு வேகமாகவும் குறுகலாகவும் இருக்கட்டும். ஒக்டோபர் கடைசியில் நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனதும் தாழவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். குளிரில் ரப்பரும் விறைக்கும். ஜூலையில் அழகாக ஆடிய தடித்த வால் நவம்பரில் பலகையாக வரும். அதற்கென்று மெல்லிய வாலுள்ள ஒன்றை ஒதுக்கி வைத்தால் நல்லது.

கேள்வி: டெட்ரோய்ட் ஆற்றுக்குப் 'போண்டி' என்ற லூர்தான் சரி என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. (வின்ட்சர் வாசகர்)

பதில்: பெயர் நம் காதுக்குத்தான் அப்படி. அது வீசும் லூர் அல்ல. படகிலிருந்து நேர்கீழே இறக்கி, ஓரிரு அடி தூக்கி, பிடித்துப் பிடித்துத் தாழ்த்துவதற்கானது. ஆற்று ஓட்டத்தில் மின்மோட்டாரால் படகைத் திருத்தித் திருத்தி நூலைச் செங்குத்தாக வைத்திருக்கத் தெரிந்தவருக்கு அருமையான கருவி. கரையிலிருந்து வீசுகிறவர் வாங்கினால் பெயர் பலித்துவிடும்.

கேள்வி: எந்த நிறம்?

பதில்: கறுப்பும் செம்மஞ்சளும் கலந்தது ஒன்று, வெள்ளையோ பெர்ச் மீன் நிறமோ இன்னொன்று. மூன்றாவதுக்கு வைத்திருந்த காசு அடுத்த பதிலுக்கு வேண்டும்.

கேள்வி: லூர், ரொட், ரீல் தவிர வேறு என்ன கட்டாயம்? (பிரம்டன் வாசகர்)

பதில்: லூருக்கு முன்பே வாங்க வேண்டியவை: ரப்பர் பூசிய பெரிய ஆழமான வலை, 11 அங்குலமாவது நீளமுள்ள குறடு, தடித்த முள்ளை ஒரே அழுத்தில் துண்டிக்கும் வெட்டுக் கருவி, தாடை விரிப்பி. வலையை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். ஒரு நிமிடத்தில் கழறாவிட்டால் வெட்டிவிடுங்கள். முள் இரண்டு மூன்று டொலர். அதே கருவி உங்கள் விரலில் ஏறிய முள்ளையும் வெட்டும். மீனின் வாயில் ஒரு முனையும் உங்கள் கையில் மறுமுனையுமாக மாட்டிக்கொள்வது இந்த விளையாட்டில் நடக்காத விஷயமல்ல.

நீரின் சூடு 27 பாகை செல்சியஸை எட்டினால் மஸ்கியைத் தேடிப் போகாதீர்கள். களைத்த மீன் அந்த நீரில் தேறுவது கடினம். உரிமத்தையும் பாருங்கள்: விலை குறைந்த கன்சர்வேஷன் உரிமத்தில் மஸ்கி ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியாது, பிடித்து விடலாம். ஸ்போர்ட் உரிமத்தில் ஒன்று. அதுவும் கவார்த்தாவில் 112 சென்டிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். அந்த நீளத்துக்கு வளர்ந்த மீனைக் குழம்புக்கு நினைக்காதீர்கள் என்பது எங்கள் பக்கம்.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் மூன்று லூர்களும் உருகி ஒட்டியிருக்கின்றன, பெட்டியின் அடியும் கரைந்திருக்கிறது. கடை மாற்றித் தருமா? (மிசிசாகா வாசகர்)

பதில்: தராது, தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்ராறியோவில் பழுதில்லாமல் விற்ற பொருளைக் கடைகள் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கம் கடை என்ன சொல்கிறதோ அதுதான்.

காரணம் இது. இந்த ரப்பர் உண்மையில் ரப்பர் அல்ல. பிவிசியோடு மெதுவாக்கும் எண்ணெய் கலந்த பிளாஸ்டிசோல். அந்த எண்ணெய் கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்டிக் பெட்டியைக் கரைக்கும். 'எலாஸ்டெக்' என்ற வேறு வகை மென்பொருளால் செய்த லூரோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் கூழாகும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து கிடந்தால் வெள்ளை அழுக்காகும். வாங்கிய கூட்டிலேயே வைத்திருங்கள், அல்லது தடுப்புள்ள வாளியில் தலை மேலாக ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம்.

கிழிந்ததை மட்டும் ஒட்டலாம். ஈரம் துடைத்துக் காயவிடுங்கள். பழைய கத்தியொன்றைத் தீயில் சூடாக்கி, கிழிசலின் இரு முகத்துக்கும் நடுவே ஓரிரு வினாடி தொட்டுப் பளபளப்பு வந்ததும் எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து அரை நிமிடம் அழுத்துங்கள். பிறகு குளிர்நீர். புகை பொல்லாதது, முற்றத்தில் காற்று பார்த்துச் செய்யுங்கள், குசினியில் வேண்டாம், அந்தக் கத்தியைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் வேண்டாம். 'மெண்ட்-இட்' என்று இதற்கென்றே ஒரு பசை விற்கிறார்கள், அதுவும் நன்றாகப் பிடிக்கும். சூப்பர் குளூ காய்ந்து கல்லாகி அடுத்த வளைவில் வெடிக்கும்.

கேள்வி: இணையத்தில் 160 டொலருக்கு லூர்கள் வாங்கினேன். சொன்ன திகதி போய் ஆறு வாரம். விற்பவர் 'வரும், வரும்' என்கிறார். (ரொறன்ரோ வாசகர்)

பதில்: 50 டொலருக்கு மேற்பட்ட இணையக் கொள்வனவில், சொன்ன திகதியிலிருந்து 30 நாள் தாண்டியும் பொருள் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் ரத்து செய்யலாம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 'ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள்' என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால், அதற்குப் பிந்திய 60 நாளுக்குள் கடனட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: கொள்வனவுத் திகதி, தொகை, பொருள், ரத்து செய்த திகதி, மின்னஞ்சலின் பிரதி. இதற்கிடையில் பொதி வந்து சேர்ந்தால், ரத்து செய்துவிட்டுப் பிரித்துப் பாவிக்காதீர்கள்.