கில் ஸ்விட்சுக்கு நைலான் கயிறா? படகுக் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்குக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். பதினொரு மாதம் தார்ப்பாய்க்குள் தூங்கிய படகை ஒரே சனிக்கிழமையில் கடலுக்குத் தயார்படுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் நம் பினாங்கில் ஏராளம். ஒரே விஷயத்தை மூன்று பேர் கேட்டிருந்தால் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். படகின் நீளம், என்ஜின் குதிரைசக்தி, எத்தனை பேர் ஏறுவீர்கள், எங்கே போவீர்கள் என்ற நாலு விவரமும் இல்லாமல் கேட்டவர்களுக்குப் பதில் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைசக்தி. ஆறு பேருக்கு ஆறு லைஃப் ஜாக்கெட் வாங்கி முன்பக்கப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். போதும்தானே?

பிளாஸ்டிக் உறையைப் பிரித்தீர்களா? படகு கவிழ்ந்தால் அந்த முன்பக்கப் பெட்டி தண்ணீருக்கு அடியில் போய்விடும், உள்ளே இருக்கும் ஆறும் அதோடு போகும். தண்ணீரில் மிதந்துகொண்டே லைஃப் ஜாக்கெட்டை மாட்ட முடியுமா என்று ஒரு நாள் நீச்சல் குளத்தில் முயன்று பாருங்கள், நான் சொல்வது புரியும். என்ஜினைத் தட்டுவதற்கு முன்னால் எல்லாரும் மாட்டியிருக்க வேண்டும். வெயில், வேர்க்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை, இதெல்லாம் நான் கேட்டுச் சலித்த காரணங்கள்.

ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் நியூட்டன் என்று ஓர் எண் இருக்கும், அது மிதக்க வைக்கும் விசையின் அளவு. 50 என்றால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்திலேயே இருக்கும்போது. மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பிப் போடாது. அமைதியான தண்ணீருக்குக் குறைந்தது 100, தீவைச் சுற்றி வெளியே போகிறவர்களுக்கு 150. பிள்ளைகளுக்குக் காலிடுக்குப் பட்டி இல்லாததை வாங்கவே வேண்டாம். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது அண்ணனுடைய அளவு.

அப்புறம், 16 அடியில் ஆறு பேர் என்பதே எனக்கு உறுத்துகிறது. எத்தனை பேர், எத்தனை கிலோ என்று படகில் ஒரு தட்டு ஒட்டியிருந்தால் அதைப் படியுங்கள். ஐஸ் பெட்டியும் எடைதான்.

பட்டர்வொர்த் வாசகர்: தானாக ஊதிக்கொள்ளும் வகை ஜாக்கெட் வைத்திருக்கிறேன். வாங்கி மூன்று வருஷம், ஒரு தடவைகூடத் தண்ணீரில் படவில்லை. நல்ல நிலையில்தானே இருக்கும்?

இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாய்க்குழாய் வழியாக ஊதி ஓர் இரவு முழுக்க வீட்டில் போட்டு வையுங்கள், காலையில் தொளதொளவென்று கிடந்தால் அது இனி ஜாக்கெட் கிடையாது. வாயுக் குப்பியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுங்கள், இருக்க வேண்டிய எடை குப்பியின் மேலேயே பொறித்திருக்கும். திரும்ப மாட்டும்போது கையால் நன்றாக இறுக்குங்கள், சும்மா விட்டால் அதிர்விலேயே கழன்றுகொள்ளும். தண்ணீர் பட்டதும் கரையும் பகுதிக்குத் தனியாகத் தேதி உண்டு, நீங்கள் மூன்று வருஷம் என்கிறீர்கள், அநேகமாக அது தாண்டியிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காரின் பின்பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள்.

பிறை வாசகர்: படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பில்ஜ் பம்ப் பொருத்திவிட்டேன், மணிக்கு 500 கேலன். இனி வாளி தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார்.

நண்பருக்கு நீச்சல் தெரியுமா? சரி, கணக்குப் போடுவோம். 500 அமெரிக்க கேலன் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர். அது பெட்டியில் அச்சடித்த கணக்கு. குழாய் மேலே ஏறி, வளைந்து, பேட்டரியும் இளைத்திருந்தால் பாதி வந்தாலே பெரிது. தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் உள்ளே வருவது நிமிடத்துக்கு 40 லிட்டருக்கும் மேலே. இரண்டு அங்குலம் என்றால் இரண்டு மடங்கு வரும் என்று நினைக்காதீர்கள், நாலு மடங்கு, 170 லிட்டர். மழைத்தண்ணீரையும் அலைத் தெறிப்பையும் இறைக்கத்தான் அந்த பம்ப். ஓட்டைக்கு வேண்டியது கூம்பு வடிவ மரக்கட்டை, அடிக்க ஒரு சுத்தியல், அப்புறம் வாளி. வாளியைக் கயிற்றில் கட்டி வையுங்கள், முதல் வாளித் தண்ணீரோடு வாளியும் கடலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

படகை இறக்குவதற்கு முன் அடித்தக்கையை, அதாவது அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் தக்கையைச் சரிபாருங்கள். இறங்குதளத்தில் அதை மறந்துவிட்டுப் படகை இறக்கியவர்கள் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது, அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

ஜெலுத்தோங் வாசகர்: அண்ணே, ஓட்டுநர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கில் ஸ்விட்ச் கயிறு (இழுபட்டால் கிளிப் கழன்று என்ஜின் நின்றுவிடும்) பெரிய தொல்லையாக இருக்கிறது. தூண்டிலை எடுக்க எழுந்தாலே என்ஜின் நின்றுவிடுகிறது. கிளிப்புக்குப் பதிலாக நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டால் எப்போதும் ஓடும் என்கிறார்கள், செய்யலாமா?

செய்யக்கூடாது தம்பி. இதே கேள்வி இந்த மாதம் மட்டும் மூன்றாவது முறை வருகிறது, கேட்ட மூன்று பேருமே அதை ஏதோ புது உபாயம் மாதிரி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எழுந்தால் என்ஜின் நிற்கிறது என்றால் அது பழுதில்லை, அதற்காகத்தான் அதைப் படைத்தார்கள். எழ வேண்டுமென்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து என்ஜினை நிறுத்துங்கள், அப்புறம் தூண்டில், கருவாடு, எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

பல வருஷம் முன்னால் ஜெரஜாக் தீவுக்குத் தெற்கே ஒரு காலையில் என் கண்முன் நடந்தது. தனியாக வந்த ஒருவர், 30 குதிரைசக்தி என்ஜின், நல்ல அனுபவசாலி, எனக்கே சில நுணுக்கங்கள் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்தில் போன பெரிய படகு கிளப்பிய அலை குறுக்கே வந்தது, அவர் தொப்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார், அவ்வளவுதான், ஆள் தண்ணீரில். படகு நிற்கவில்லை. சுக்கானை விட்டதும் புரொப்பெல்லரின் முறுக்கு விசை என்ஜினை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும், படகு வட்டமடிக்க ஆரம்பிக்கும், அந்த வட்டத்துக்குள் யார் இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை அவர் மேலேயே வந்தது. இரண்டு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போனார், மூன்றாவது முறைக்குத் தெம்பு இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மலாய் மீனவர் ஒருவர் தன் பழைய வலையை அள்ளிப் படகு வரும் வழியில் எறிந்தார். புரொப்பெல்லர் அதைச் சுருட்டிக்கொண்டு திணறி நின்றது. கெண்டைக்காலில் தையல்களோடு போனது. அப்புறம் நாங்கள் படகில் ஏறிப் பார்த்தோம். கில் ஸ்விட்சில் பச்சை நைலான் கயிறு, நாலு சுற்று, மேலே அழகான முடிச்சு. சிவப்புச் சுருள் கயிறு அதன் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கிடந்தது, விலைச்சீட்டு கிழிக்கப்படவில்லை.

என்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் கியர் வழியாக புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்று சுற்றும். மூன்று இலை. விநாடிக்கு 75 வெட்டு. இதற்கு மேல் நான் விவரிக்க விரும்பவில்லை.

கயிற்றைத் தொடையில் சுற்றி மாட்டுங்கள், அல்லது ஜாக்கெட்டின் கெட்டியான வளையத்தில். சட்டைப் பித்தானில் மாட்டினால் பித்தான்தான் போகும், சுக்கான் சக்கரத்தில் மாட்டினால் சக்கரம் கடலில் விழாது. ஒவ்வொரு பயணத்திலும் கரையிலேயே என்ஜினை ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், உப்பு ஏறிய ஸ்விட்ச் நிற்காமல் ஏமாற்றும். இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: படகில் உபரிக் கிளிப் ஒன்று இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று கூட வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் கயிற்றோடு விழுந்துவிட்டால், மீதி இருப்பவர்கள் என்ஜினைத் திரும்பக் கிளப்பி அவரைத் தூக்கப் போவது எப்படி?

ஜார்ஜ்டவுன் வாசகர்: என் படகுக்கு எந்த நங்கூரம் நல்லது?

என்ன படகு? எத்தனை அடி? அடியில் சேறா, பாறையா? ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார். சரி, ஜார்ஜ்டவுன் என்பதால் சேறு என்று வைத்துக்கொள்கிறேன். கடையில் அழகாகத் தொங்கும் அந்த மடக்கு நங்கூரம் பாறைக்கானது, நம் சேற்றில் கரண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அகலத் தகடுள்ள டான்ஃபோர்த் வகை சேற்றைப் பிடிக்கும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே படகு நீளத்துக்காவது சங்கிலி போடுங்கள்.

கயிறு எவ்வளவு விடுவது என்பதில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். வற்றத்தில் 4 மீட்டர் ஆழம் என்றால், நம் பக்கத்து ஏற்றம் இன்னும் 2 மீட்டர் போல, முன்பக்க உயரம் அரை மீட்டர். ஆறரையை ஐந்தால் பெருக்குங்கள், 32 மீட்டர். காற்று கிளம்பினால் ஏழால். முக்கியமாக, நங்கூரத்தை முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். வசதி என்று பின்பக்கம் கட்டினால், நீரோட்டமும் அலையும் சேர்ந்து பின்பலகைக்கு மேலே தண்ணீரை ஊற்றும். என்ஜின் எடை வேறு அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே வரும் என்பதற்குப் பிறை வாசகருக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள்.

கிள்ளான் வாசகர்: கைத்தொலைபேசி இருக்கும்போது வி.எச்.எஃப். ரேடியோ எதற்கு? கேத்தாம் தீவு வரைக்கும்தான் போவோம்.

தொலைபேசியில் நீங்கள் கூப்பிட்டால் ஒருவர் எடுப்பார், எடுத்தால். ரேடியோவில் அபாய அழைப்புக்கான 16-ஆவது சேனலில் கூப்பிட்டால் சுற்றி இருக்கிற எல்லாக் கப்பலுக்கும் கேட்கும், உங்களை முதலில் வந்து தூக்கப் போவதும் பக்கத்தில் இருப்பவர்தான். ஈர விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது என்பது வேறு. 5 வாட் கைக்கருவி போதும், தண்ணீர் புகாதது, இடுப்பில் இருக்க வேண்டும். பார்வைக் கோட்டில்தான் போகும் என்பதால் சின்னப் படகிலிருந்து சின்னப் படகுக்குச் சில மைல்தான், உயரமான ஆண்டெனாவுக்கு இன்னும் தூரம். "மேடே" என்ற அபாய அழைப்பு மூன்று முறை, படகின் பெயர், எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை ஓர் அட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் சொந்தப் பெயரே மறக்கும். தொலைபேசியையும் கொண்டுபோங்கள், நீர்புகாப் பையில். 999 அதற்குத்தான்.

போவதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். "சும்மா ஒரு ரவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போனவரை எங்கே தேடுவது?

தெலுக் பஹாங் வாசகர்: விடியற்காலை வானம் தெளிவாக இருந்தது, அரை மணியில் கருத்துக் கொட்டியது. முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா?

நீங்கள் சந்தித்தது அநேகமாகச் சுமத்ராப் புயல்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவில் அந்தப் பக்கம் திரண்டு, விடியலுக்கு முன்னும் காலையிலும் நம் மேற்குக் கரையில் வந்து அறையும். மேற்கே அடிவானத்தில் கோடு போட்ட மாதிரி கறுத்த மேகம், திடீரென்று குளிர்காற்று, இந்த இரண்டும் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்தான். முந்தின இரவும் கிளம்பும்போதும் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ரேடார் படத்தைப் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர், எண்ணிக்கை முப்பது விநாடிக்குள் வந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். கரைக்கு வர முடியாமல் மாட்டிக்கொண்டால் எல்லாரும் கீழே உட்காருங்கள், தூண்டில்களைப் படுக்க வையுங்கள், முன்பக்கத்தை அலைக்குச் சற்றுச் சாய்வாக வைத்து மெதுவாக ஓட்டுங்கள். ஜாக்கெட் மாட்டியிருக்கிறீர்கள்தானே?

ஆயர் ஈத்தாம் வாசகர்: பெட்ரோல் டாங்கைப் படகிலேயே வைத்து நிரப்பலாமா?

கையில் தூக்கும் டாங்க் என்றால் இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கிக்கொண்டு ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். எண்ணெயை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவதைத் தொடக்கூடாது.

பாகான் டாலாம் வாசகர்: இரவில் தலையில் மாட்டும் விளக்கு போதுமா?

போதாது. ஏழு மீட்டருக்குக் குறைந்த, ஏழு நாட் வேகத்தைத் தாண்டாத படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்காவது வேண்டும். மற்றவர்களுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சையும் சேர்த்து. பெரிய கப்பல் போகும் தடத்தில் நிறுத்தி மீன் பிடிக்காதீர்கள், அவர்களால் உங்களுக்காக ஒதுங்க முடியாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: படகில் இருந்த அபாய ஒளிப்பந்தங்கள் காலாவதியாகிவிட்டன. பையன்கள் தீபாவளிக்குக் கொளுத்தலாம் என்கிறார்கள்.

வேண்டாம். கையில் பிடிக்கும் சிவப்புப் பந்தம் ஒரு நிமிடம் போல இரும்புப் பட்டறை மாதிரி எரியும், ராக்கெட் வகை 300 மீட்டர் ஏறும், அதைப் பார்த்து யாரோ உங்களைத் தேடிப் படகை இறக்குவார்கள். புதியது வாங்குங்கள், தேதி பெரும்பாலும் மூன்று வருஷம்தான். பழையதைக் குப்பையில் போடாதீர்கள், கடலிலும் வீசாதீர்கள். வாங்கிய கடைக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள்.